முதுகுப்பக்கம்

பிப்ரவரி. டுலூத்தில் ஏரி இறுகிவிட்டது.
இரும்புத் தாது ஏற்றும் கப்பல்கள்
வேலையில்லாத ஆட்கள் போலத் துறையில் நிற்கின்றன.
என் மேசையில் ஐம்பத்து மூன்று பெயர்கள்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே வயது, எடை,
அறுவை செய்த மூட்டு, மிச்சமுள்ள ஒப்பந்தம்.

"லினெட், எனக்கு ஒரே வரி போதும்" என்றார் வோய்சிக்.
"பையன் தேறுவானா, மாட்டானா?
திங்கட்கிழமைக்குள்."

ஃபுட்பால் என்பார்கள், பெயரில்தான் கால்.
இங்கே எல்லாம் கை, தோள், மோதல்.
காலால் பந்தை உதைப்பவன் பட்டியலின் அடியில் இருக்கிறான்,
அவனைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

ஓடிப் பிடிப்பவர்கள் ஆறு பேர்.
நால்வருக்குக் கை உண்டு, இருவருக்கு வேகம் உண்டு,
இரண்டும் சேர்ந்தவனைப் போன வருஷம் டென்வருக்கு விற்றுவிட்டோம்.
தற்காப்பு வரிசை பரவாயில்லை,
மழை பெய்யாத வரை நல்ல கூரை.

இனி பையன்.
எம்மெட் டால்க்விஸ்ட், குவார்ட்டர்பேக், வயது இருபத்து மூன்று.
பத்தொன்பது தடவை
எதிராளியின் மடியில் பந்தைப் போட்டவன்.
ஊர் அவன் பெயரை வசவாக்கிவிட்டது.
கடையில் முட்டை அட்டையை நழுவவிட்ட மகனை
"அடேய் டால்க்விஸ்ட்" என்றாள் ஒருத்தி, என் காதுபட.

அறையை இருட்டாக்கிப் படத்தை ஓடவிட்டேன்.
நவம்பர். மூன்றாம் முயற்சி. எட்டு கஜம் வேண்டும்.
ஆளில்லாத புல்லில் தனியாய் நின்று
கையைத் தூக்குகிறான் கார்விஸ்.
பையன் அவனைப் பார்க்கவில்லை.
பார்க்கவேண்டிய அந்த நொடியில்
அவன் மோவாய் இடது தோள் பக்கம் ஒரு விரற்கடை தாழ்கிறது.
அவ்வளவுதான். பிறகு எறிகிறான், தப்பாக.

நாற்பத்தொரு தடவை பின்னால் ஓட்டினேன்.
பிறகு செப்டம்பருக்குப் போனேன்.
செப்டம்பரில் மோவாய் தாழவில்லை.

வலக்கையால் எறிபவனுக்கு
இடப்பக்கம் என்பது முதுகு.
முதுகுக்குக் கண் கிடையாது,
அதற்காகத்தான் ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து நிறுத்துகிறோம்.
செமிசி டாஃபுவா, டோங்காவில் பிறந்தவன்,
நூற்று நாற்பது கிலோ, முப்பத்து நான்கு வயது,
பதினோரு வருஷமாய் அதே இடத்தில்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு.
செமிசியின் இடது கால் அரை அடி தாமதம்.
அந்த அரை அடி வழியாக ஒருவன் நுழைந்தான்.
பையன் எழுந்தபோது தலைக்கவசக் கம்பிகளுக்குள் புல்.
செமிசி ஒரு விரலால் அந்தப் புல்லை எடுத்துவிட்டு
என்னவோ சொல்கிறான்.
இந்தப் படங்களுக்கு ஒலி கிடையாது.

அன்றிலிருந்துதான் மோவாய்.
சூடு கண்ட பூனை.

ஜனவரியில் என் கார் பனியில் புதைந்தது.
கேட்காமலே வந்து பின்னால் நின்று தள்ளியவன் செமிசி.
கண்ணாடியில் பார்த்தேன்:
வலது கால் ஊன்ற, இடது கால் சற்றுப் பொறுத்து வந்தது.
அன்று எனக்கு அது தெரியவில்லை.
இல்லை, தெரிந்தது.
நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஞாயிறு இரவு எழுதினேன்:
கை நல்லது. கண்ணும் நல்லது.
கண்ணைக் கெடுத்தது ஒரு முழங்கால்.
முழங்கால் அவனுடையது அல்ல.

ஒரு வரி கேட்டார், நாலாகிவிட்டது.

காலையில் வோய்சிக் நின்றபடியே படித்தார்.
"நான் பையனைப் பற்றித்தானே கேட்டேன்?"
"பையனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்."

காப்பியைக் கீழே வைத்தார்.
பட்டியலைத் திருப்பி, விரலை ஓட்டி,
டாஃபுவா என்ற பெயருக்கு எதிரே பேனாவை வைத்தார்.
கோடு இழுக்கவில்லை.
எடுக்கவும் இல்லை.
தாளில் மை ஊறிக்கொண்டிருந்தது.